குற்றாலத்தில் குளிக்க: தண்ணீரைப் பார்த்து இறங்கும் முறை

குற்றாலத்துக்கு நாள் குறித்துவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். தண்ணீர் எப்படி விழுகிறது என்று விசாரித்துவிட்டுப் போகிறவர்கள் குறைவு. வேன் பேசி, லாட்ஜ் போட்டு, குடும்பத்தோடு போய் இறங்கினால் பேரருவியில் குளிக்கத் தடை என்பார்கள். அல்லது பாறையில் நூல் மாதிரி தண்ணீர் வடியும். பேரருவியாக விழும் சிற்றாறு பெயருக்கேற்ற சின்ன ஆறு. அருவிக்கு மேலே அணை கிடையாது, மதகு கிடையாது. குற்றாலத்துக்கு மேலே நிற்கும் திரிகூட மலையில் பெய்வது அப்படியே கீழே வந்து விழுகிறது. நேற்றைக்கு மலையில் என்ன பெய்தது என்பதை வைத்துத்தான் இன்றைக்கு உங்கள் தலையில் என்ன விழும் என்று சொல்ல முடியும்.

ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் முடிய சீசன்; சில வருடம் செப்டம்பர் வரை இழுக்கும். தென்மேற்குப் பருவக்காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு, செங்கோட்டைக் கணவாய் வழியாக மிச்ச ஈரத்தோடு இந்தப் பக்கம் வரும். அதுதான் சாரல். பத்து நிமிடம் தூறும், பத்து நிமிடம் வெயில் அடிக்கும், மறுபடி தூறும். இந்தச் சாரல் உடம்புக்குச் சுகம், ஆனால் அருவிக்குத் தண்ணீர் தருவது இது இல்லை. ஊருக்குள் நாள் முழுக்கத் தூறியும் அருவியில் தண்ணீர் கூடாமல் இருக்கும். ஊரில் வெயில் காய்கிறபோது மலை உச்சியில் ஒரு மணி நேரம் கனத்துப் பெய்தால் அருவி உறுமும். ஆகவே ஊர்த் தூறலைப் பார்க்காதீர்கள், மலையைப் பாருங்கள். ‘மலை மூடியிருக்கு’ என்று உள்ளூர்க்காரர் சொன்னால், உச்சி மேகத்துக்குள் போய்விட்டது, தண்ணீர் வரத்து உண்டு என்று பொருள்.

கிளம்பும் முன் இன்னொன்றையும் பாருங்கள். தென்காசி மாவட்டத்தில் கடனா, ராமநதி, கருப்பாநதி, குண்டாறு, அடவிநயினார் என்று ஐந்து அணைகள். இவற்றின் மழை அளவு பருவ காலத்தில் அன்றாடம் செய்தித்தாளில் வரும். குற்றாலத்துக்கு வேண்டியவை குண்டாறும் அடவிநயினாரும். இரண்டும் அதே மலைத்தொடரின் அடிவாரத்தில், செங்கோட்டைப் பக்கம் இருப்பவை. இந்த இரண்டிலும் தொடர்ந்து மூன்று நாள் ஓரளவு மழை பதிவாகியிருந்தால் அருவிகளில் நல்ல தண்ணீர் இருக்கும். ஒரே இரவில் அளவு எகிறியிருந்தால் மறுநாள் காலை தடை இருக்கும் என்று எதிர்பாருங்கள். மழை நின்றதும் வெள்ளம் சீக்கிரம் வடிந்துவிடும். தடைக்காகக் காலையில் கட்டிய கயிறு மாலையில் அவிழ்வது சாதாரணம். ஒரு நாள் பயணமாகப் போவதைவிட ஓர் இரவு தங்குவது நல்லது என்பதற்கு இதுவே காரணம்.

சென்னையிலிருந்து வருகிறவர்களுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸ் வசதி. தென்காசியில் இறங்கினால் குற்றாலம் சுமார் 5 கி.மீ.; பஸ், ஆட்டோ எல்லாம் உண்டு. சனி, ஞாயிறு, ஆடி அமாவாசை, கார்த்திகை பிறந்தபின் ஐயப்ப பக்தர்கள் வரும் நாட்கள் ஆகியவற்றில் வரிசையில் நின்று இரண்டு நிமிடம் தலையைக் காட்டிவிட்டு வரவேண்டியிருக்கும். வாரநாளில் விடிகாலை ஐந்தரை, ஆறு மணிக்குப் போனால் பேரருவியில்கூட நிதானமாக நிற்கலாம்.

எந்த அருவி, யாருக்கு

எல்லா அருவிக்கும் ஒரே தண்ணீர் என்று நினைப்பது தவறு. தேனருவி, செண்பகாதேவி, பேரருவி மூன்றும் சிற்றாற்றில் மேலிருந்து கீழாக வரிசையாக இருப்பவை. பழைய குற்றாலத்துக்கு அழுதகண்ணி ஆறு. ஐந்தருவிக்கு வேறு ஓடை. ஒன்றில் தடை என்றால் இன்னொன்றில் குளிக்க விட்டுக்கொண்டிருக்கலாம். ஒன்றைப் பார்த்துவிட்டு ‘தண்ணியே இல்ல’ என்று ஊர் திரும்ப வேண்டாம்.

பேரருவி சுமார் 60 மீட்டர் உயரத்திலிருந்து வருகிறது. அந்த உயரத்திலிருந்து நேராக விழுந்தால் அடியில் யாரும் நிற்க முடியாது. நடுவில் பாறையைக் குடைந்து பொங்குமாங்கடல் என்ற ஆழமான கிடங்கு இருக்கிறது. மேலே இருந்து வரும் தண்ணீர் முதலில் அதற்குள் விழுந்து, வேகத்தை அங்கே தொலைத்து, பொங்கி வழிந்து பாறைமேல் படர்ந்து இறங்குகிறது. கீழே நாம் குளிப்பது அந்த வழிந்த தண்ணீரில். வெள்ளம் கூடும்போது இந்தக் கிடங்கால் வேகத்தை வாங்கிக்கொள்ள முடிவதில்லை; தண்ணீர் பாறையை விட்டு விலகி எகிறி விழும். அருவிக்கு முன்னால் நிற்கும் பாதுகாப்பு வளைவுதான் இதற்கு அளவுகோல். தண்ணீர் வளைவுக்கு உள்ளே விழும்வரை குளிக்கலாம். ‘ஆர்ச்சைத் தாண்டி விழுது’ என்றால் தடை போட்டுவிடுவார்கள். போடாவிட்டாலும் நீங்கள் இறங்கக் கூடாது.

ஐந்தருவியில் தண்ணீர் ஐந்து கிளையாகப் பிரிந்து விழுவதால் கூட்டமும் பிரியும். உடம்பு பிடித்துவிட்டது போல இருக்க வேண்டும் என்றால் இதுதான் சரி. பழைய குற்றாலம் அகலமாக, படிப்படியாக இறங்கும். சின்னப் பிள்ளைகளுக்கும் முட்டி வலிக்காரர்களுக்கும் புலியருவி போதும். தண்ணீர் குறைவு, உயரமும் குறைவு, பயமில்லை. செண்பகாதேவிக்கும் தேனருவிக்கும் வனத்துறை அனுமதியில்லாமல் ஏறக் கூடாது. சித்ரா பௌர்ணமிக்குச் செண்பகாதேவி அம்மன் கோயிலுக்குப் பக்தர்களை விடுவது வழக்கம். மற்ற நாளில் யாராவது ‘வழி தெரியும், கூட்டிட்டுப் போறேன்’ என்றால் மறுத்துவிடுங்கள். மேலே வெள்ளம் வந்தால் கயிறு கட்டித் தடுக்கவோ, ஓடி வந்து தூக்கவோ அங்கே ஆள் இல்லை.

உடுப்பு, நகை, எண்ணெய்

வேட்டி, லுங்கி வேண்டாம். தண்ணீரின் அடியில் முடிச்சு நிற்காது. ஆண்களுக்கு நாடா வைத்த டிரவுசர். பெண்களுக்குச் சுடிதார் நல்லது, துப்பட்டாவைக் கரையிலேயே விட்டுவிட வேண்டும். புடவைதான் என்றால் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகி, தோளிலும் இடுப்பிலும் ஊக்கு குத்துங்கள். சேலைத் தலைப்பு பக்கத்தில் நிற்பவர் காலில் சுற்றி இரண்டு பேரும் விழுவது அடிக்கடி நடப்பது.

நகையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. குளிர்ந்த தண்ணீரில் விரல் சுருங்கும். வீட்டில் சோப்பு போட்டாலும் கழலாத மோதிரம் அருவியில் தானாகக் கழன்று போகும். போனால் கிடைக்காது; அடியில் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடுகிறது. மோதிரம், கம்மல், கொலுசு எல்லாவற்றையும் அறையிலேயே கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்ற மாட்டேன் என்பவர்கள் அதை ரவிக்கையின் உட்பக்கம் விட்டு, பெரிய ஊக்கு ஒன்றால் துணியோடு சேர்த்துக் குத்திக்கொள்ளலாம். மூக்குக் கண்ணாடி, காது மிஷின், கான்டாக்ட் லென்ஸ் மூன்றும் வேண்டவே வேண்டாம்.

சோப்பு, ஷாம்பு, சீயக்காய், எண்ணெய் எதுவும் அருவிக்குள் கொண்டுபோகக் கூடாது. இது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதித்த தடை. முன்பெல்லாம் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு அருவியில் நிற்பதுதான் குற்றாலக் குளியல் என்று இருந்தது. அந்த எண்ணெய் தலையிலிருந்து இறங்கிப் பாறையில் படியும். அடுத்து வருகிறவர் கால் வைத்ததும் வழுக்கும். அடியில் ஓடும் தண்ணீர்தான் தென்காசிப் பக்கத்து வயலுக்கும் போகிறது, கடைசியில் சீவலப்பேரி அருகே தாமிரபரணியில் கலக்கிறது. எண்ணெய்க் குளியல் ஆசையிருந்தால் முந்தின நாள் சாயங்காலம் மாலிஷ் செய்துகொண்டு, லாட்ஜில் வெந்நீரும் சீயக்காயும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு, மறுநாள் காலை அருவிக்குப் போங்கள்.

வயிற்றைப் பொறுத்தவரை, இரண்டு இட்லிக்கு மேல் வேண்டாம். செங்கோட்டைப் பக்கத்துப் பிரானூர் பார்டரில் பரோட்டாவும் கோழியும் சாப்பிட்டுவிட்டு நேராக அருவிக்கு வருகிறவர்கள் வாந்தி எடுப்பார்கள். பரோட்டாவைக் குளித்தபின் வைத்துக்கொள்ளுங்கள். குடித்தவர்களைக் கூட்டிவரவே கூடாது. குளிரும் வழுக்கலும் தெரியாமல் நிற்பார்கள், விழும்போது கையை ஊன்றவும் மாட்டார்கள்.

அருவியில் நிற்பது

செருப்பைக் கழற்றிவிடுங்கள். ரப்பர் செருப்பு ஈரப்பாறையில் சறுக்கும், வெறுங்கால்தான் பிடிக்கும். பாறையில் கரும்பச்சையாக மினுமினுப்பது பாசி. அதில் கால் வைக்காமல், ஆள் நடந்து நடந்து சொரசொரப்பாக வெளுத்த இடமாகப் பார்த்து மிதியுங்கள். குதிகாலை முதலில் ஊன்றக் கூடாது. முழுப் பாதத்தையும் தட்டையாக வைத்து, ஒரு கால் நின்றபின் மறு காலைத் தூக்க வேண்டும்.

நேராக நடுவில் போய் நிற்காதீர்கள். முதலில் ஓரமாக, திவலை தெறிக்கும் இடத்தில் ஒரு நிமிடம். குளிர்ந்த தண்ணீர் சட்டென்று நெஞ்சில் பட்டால் மூச்சு தானாக இழுக்கும். அந்த நேரத்தில் முகத்தில் தண்ணீர் அடித்தால் புரையேறும். கை, கால், முதுகு, கழுத்து, கடைசியில் தலை என்று நனைத்துக்கொண்டு, மூச்சு சீரான பிறகு உள்ளே நகருங்கள்.

உள்ளே போனதும் கம்பியை ஒரு கையால் பிடியுங்கள். பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முட்டியை லேசாக மடக்கி, முதுகைக் கொஞ்சம் வளைத்து, தண்ணீர் தோள்பட்டையிலும் மேல் முதுகிலும் விழும்படி நில்லுங்கள். முட்டியை விறைத்து நின்றால் தண்ணீரின் எடை இடுப்பைப் பிடிக்கும்; மறுநாள் எழுந்திருக்க முடியாது. உச்சந்தலையில் நேராக வாங்குவது வேண்டாம். இன்னொரு கையை விரல் விரித்துத் தலைமேல் வைத்துக்கொண்டால், வேகம் கையில் உடைந்து தலையில் மழைபோல் இறங்கும். தாடையை நெஞ்சோடு சேர்த்துக் குனிந்தால் மூக்குக்கும் வாய்க்கும் முன்னால் காற்று நிற்க இடம் கிடைக்கும்; அதில் வாயால் மூச்சு விடலாம். தண்ணீருக்கும் பாறைக்கும் இடையில் முதுகு நுழையும் அளவு இடைவெளி இருந்தால் அங்கே நின்று இளைப்பாறலாம். அந்த இடத்தில் சத்தம் மட்டும்தான் இருக்கும், தண்ணீர்த் திரைக்கு வெளியே ஆட்கள் நிழலாகத் தெரிவார்கள். குற்றாலத்தில் இதற்கு ஈடான இடம் வேறில்லை.

மேலே அண்ணாந்து பார்க்கவே கூடாது. வெள்ளத்தோடு கூழாங்கல், சுள்ளி, சில சமயம் பாம்பும் வரும். பத்து மீட்டர் உயரத்திலிருந்து விழும் கல் கீழே வரும்போது மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் இருக்கும். தலைமேல் கை வைக்கச் சொல்வது இதற்காகவும்தான்.

ஐந்து நிமிடம் நின்றால் வெளியே வாருங்கள், துவட்டுங்கள், உடம்பு சூடானதும் மறுபடி போங்கள். தண்ணீர் உடம்புச் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கு மேல் வேகமாக இழுக்கும். உதடு ஊதா நிறமாவது, பல் தந்தியடிப்பது, விரலால் ஊக்கைக் கழற்ற முடியாமல் தடுமாறுவது எல்லாம் ‘போதும்’ என்று உடம்பு சொல்வது. நெஞ்சு நோய், ரத்த அழுத்தம், வலிப்பு உள்ளவர்கள் அருவியின் அடியில் நிற்காமல், ஓரத்தில் உட்கார்ந்து வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ளலாம். அதிலும் பாதிச் சுகம் உண்டு. பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு அருவிக்குள் போகாதீர்கள். நீங்கள் சறுக்கினால் பிள்ளை பாறையில் விழும். பிள்ளை உங்கள் முன்னால் நிற்க வேண்டும், முதுகு உங்கள் வயிற்றில் சாய்ந்திருக்க வேண்டும், உங்கள் இரண்டு கையும் பிள்ளையின் அக்குளில் இருக்க வேண்டும், இடம் ஓரமாக இருக்க வேண்டும்.

வெள்ளம் வருவதை அறிவது

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளத்தில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு இறந்தான். சீசன் தொடங்காத மாதம் அது, கோடை மழைத் தண்ணீர். ஜூன் வந்தால்தான் ஆபத்து என்று யாரும் நினைக்கக் கூடாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் வருவது இன்னும் மூர்க்கமானது.

ஏன் இவ்வளவு சீக்கிரம் வருகிறது? ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் பத்து லட்சம் லிட்டர். ஐம்பது மில்லிமீட்டர் பெய்தால் ஐந்து கோடி லிட்டர். மலைச்சரிவில் மண் கனம் குறைவு, அடியில் பாறை. நாள்கணக்கில் பெய்து மண் ஊறியிருந்தால் அதற்குமேல் ஒரு சொட்டும் உள்ளே போகாது. பெய்தது பெய்தபடி சரிவில் உருண்டு ஒரே ஓடையில் சேர்ந்து வரும். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்.

கவனிக்க வேண்டியவை இவை. தண்ணீரின் நிறம் மாறும்: கண்ணாடி போல் இருந்தது டீத்தண்ணீர் நிறமாகி, பிறகு செம்மண் கரைத்ததாகும். அதற்கு முன்பே பழுத்த இலையும் சருகும் சுள்ளியும் வரத் தொடங்கும். நனைந்த மண் வாசனை அடிக்கும். சத்தம் கனக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் கத்திப் பேச வேண்டிவரும். காரணமில்லாமல் குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும், திவலை தூரம்வரை தெறிக்கும். சில நேரம் தண்ணீர் திடீரென்று குறையும். மேலே மரமும் கல்லும் சேர்ந்து ஓடையை அடைத்திருக்கலாம். உடைந்தால் மொத்தமும் ஒரே மூச்சில் வரும். தண்ணீர் குறைந்ததே என்று சந்தோஷப்பட்டு நடுவில் போகாதீர்கள்.

இவற்றில் ஒன்றைக் கண்டாலும், போலீஸ்காரர் விசில் ஊதினாலும், அந்த நொடியே பக்கவாட்டில் நடந்து மேடான இடத்துக்கு ஏறுங்கள். ஓடை போகும் திசையில் ஓடக் கூடாது, அது உங்களைவிட வேகமாக வரும். துணி, பை, செல்போனுக்காகத் திரும்பாதீர்கள். முட்டிக்கு மேல் வேகமாக ஓடும் தண்ணீரில் பெரிய ஆளும் நிற்க முடியாது. பிள்ளைகளோடு போனால், வந்ததும் முதல் வேலையாக ‘விசில் கேட்டா இந்தத் திண்ணைக்கு ஓடி வந்துரணும்’ என்று ஓர் இடத்தைக் காட்டிச் சொல்லி வையுங்கள்.

ஓடையில் விளையாடுவதும் மற்றவையும்

அருவி விழுந்து ஓடும் வாய்க்காலிலும் கீழே ஆற்றிலும் கால் நனைத்து உட்காரலாம். முழங்காலுக்கு மேல் ஆழம் தெரியாத இடத்தில் குதிக்க வேண்டாம். மலையோடைப் பாறையில் கூழாங்கல் சுழன்று சுழன்று குடைந்த பானை போன்ற குழிகள் இருக்கும். வாய் சின்னது, வயிறு பெரியது. கால் மாட்டினால் எடுக்கக் கஷ்டம். நடக்கும்போது ஒரு கம்பால் முன்னால் குத்திப் பார்த்துக்கொண்டே போங்கள். அருவியில் தண்ணீர் இல்லாத நாளில் வெண்ணமடைக் குளத்தில் படகுச் சவாரி உண்டு, அதுவும் குளம் நிறைந்தால்தான்.

குரங்குகளுக்குப் பிளாஸ்டிக் கவரின் சரசரப்பு ஒன்றே போதும். சாப்பாட்டைத் துணிப்பையில் வைத்து, பையை மடியில் வைத்திருங்கள். பறித்துக்கொண்டால் இழுக்காதீர்கள், விட்டுவிடுங்கள். கடித்தால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் வெறிநோய் ஊசி போட வேண்டும். மரத்தடியில் நடந்தால் அட்டை ஏறும். பிடுங்காதீர்கள். ஒட்டியிருக்கும் முனையின் அடியில் நகத்தைக் கொடுத்துப் பக்கவாட்டில் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் உறையாமல் இருக்க அட்டை ஒரு சுரப்பை விட்டிருக்கும், அதனால் கொஞ்ச நேரம் கசியும். சுத்தத் துணியை அழுத்திப் பிடித்தால் போதும்.

குளித்து, உலர்ந்த துணி மாற்றி, சூடாகச் சுக்குக் காப்பி குடித்தபின் பழக்கடைக்குப் போகலாம். சீசனில் மங்குஸ்தான், ரம்புட்டான், துரியன் மூன்றும் வரும். மங்குஸ்தானை வாங்கும்போது கட்டை விரலால் அழுத்துங்கள். தோல் லேசாக அமுங்க வேண்டும். கல் மாதிரி இருந்தால் பழையது, உள்ளே சுளை கெட்டிருக்கும். காம்புக்கு எதிர்ப்பக்கம் பூ போல ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை. இதழ் கூடுதலாக இருந்தால் சுளைகள் சின்னதாக, கொட்டையில்லாமல் இருக்கும். கத்தி வேண்டாம், இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்து நசுக்கித் திருகினால் தோல் பிளக்கும். கொஞ்சம் தள்ளி வைத்துத் திருகுங்கள். தோலின் ஊதாச் சாறு வெள்ளைத் துணியில் பட்டால் எத்தனை துவைத்தாலும் கறை போகாது.